மீட்டர் காணாத எட்டு அங்குலம்

யாராவது புது வண்டி வாங்கி வந்து வாசலில் நிறுத்தினால் நான் வண்டியைப் பார்ப்பதில்லை. குனிந்து, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கிறேன். வீட்டில் இதைக் கிண்டல் செய்து அலுத்துவிட்டார்கள். எனக்கும் குனிந்து அலுத்துவிட்டது, முதுகும் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் குனிகிறேன். எழுபதுகளில் ஒரு ஜீப்பின் டயரை நான் சரியாகப் படிக்காததால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. சரியாகப் படிக்கவில்லை என்று சொல்வதுகூட எனக்கு நானே காட்டிக்கொள்ளும் சலுகைதான். படித்தேன், என் கையாலேயே புத்தகத்தில் எழுதினேன், அதன் அர்த்தம்தான் மண்டையில் ஏறவில்லை.

அப்போது நான் மூணாறு மலையில் சூரியநெல்லிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பாலக்காட்டில் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் கணக்கில் நூறு வாங்காத பையனை இவன் உருப்படமாட்டான் என்று அன்றே தீர்மானித்துவிடுவார்கள். நான் நூறு வாங்குகிறவன். அந்தத் திமிரோடு ஒரு ஜனவரியில் பெட்டியும் படுக்கையுமாக மலையேறினேன். குளிர், அட்டைக்கடி, மூன்று நாளானாலும் காயாத வேட்டி, பேச ஆளில்லாத சாயங்காலங்கள் என்று ஆறு மாதத்தில் திமிர் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை ஆபீஸ் மேஜையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் மேஜைக்கு வந்த வேலைகளில் ஜீப்பின் லாக் புத்தகமும் ஒன்று. எஸ்டேட்டுக்கு இருந்தது ஒரே ஜீப். காலையில் கிளம்பும்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், சாயங்காலம் வந்து நிற்கும்போது எத்தனை என்று டிரைவர் எழுதிக் கொடுப்பார். ஷெட்டில் அவருக்கு ஊற்றிய பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று நான் பக்கத்தில் எழுதுவேன். மாதக் கடைசியில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கண்டுபிடித்துத் துரையிடம் காட்ட வேண்டும். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும் மேனேஜருக்குத் துரை என்ற பெயர் போகவில்லை. பெட்ரோல் விலை எகிறிய காலம் அது. எல்லாத் துரைமார்களுக்கும் அந்த ஒரு எண்ணில்தான் கண்.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலைக்கு வந்த குடும்பம். அதிகம் பேசமாட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை ஐயா என்று கூப்பிட, நான் அவரை டிரைவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். பிள்ளைகள் இல்லை. டிரைவர் என்பதால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் ஓரமாக, தனி அடுப்படி வைத்த வீடு கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் அவள் டேலியாப் பூச்செடி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் பிறந்ததும் ஜீப்பின் சாதாரண டயர்களைக் கழற்றிவிட்டு, சேற்றைப் பிடிக்கிற கட்டை வைத்த டயர்களைப் போடுவார்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது அவற்றைக் கழற்றிப் பழையதைப் போடுவார்கள். மழை டயர் என்றே அதற்குப் பெயர். அந்த வருஷம் பழைய மழை டயர்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. வழக்கமாகப் போடும் அறுநூறு பதினாறு அளவு கிடைக்கவில்லை, எழுநூறு பதினாறுதான் இருக்கிறது என்று கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். போட்டால் மட்கார்டின் உள்ளே தட்டாது, தரையிலிருந்து கொஞ்சம் உயரமாகவும் நிற்கும் என்று டிரைவர் சொன்னார். நான் சரி என்று ஆர்டர் எழுதினேன். ஸ்டோர் புத்தகத்தில் 600-16 என்பதை அடித்துவிட்டு மேலே 700-16 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக என் இனிஷியலைக் கிறுக்கினேன்.

ஜூன் எண் சரிந்ததை மழையின் மேல் போட்டு விட்டுவிட்டேன். ஜூலைக் கடைசியில் வகுத்தபோதும் எண் சரிந்திருந்தது. வெயில் காலத்தில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஏழுகூடக் கொடுக்கவில்லை. நான் அவசரக்காரன் இல்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, சேற்றுக்காகவும் மெதுவான கியருக்காகவும் அரை கிலோமீட்டர் தள்ளிக் கொடுத்தேன். அப்படியும் ஏழரை வர வேண்டும். ஆகஸ்டிலும் அதே கதை. செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டேன். நாலு மாதத்தில் அறுபது லிட்டர் காணோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டக் கூடாது என்பது துரையின் கட்டளை. டிரைவரும் தாண்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் எல்லாருமே அதைச் சொன்னார்கள். ஆனால் பூப்பாறைக்குத் தபால் பை கொண்டுபோய்த் திரும்பும் வண்டி, வழக்கத்தைவிட ஐந்து பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றது. முள் ஏறாமல் ஒரு வண்டி எப்படிச் சீக்கிரம் வரும் என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் தெளிந்திருக்கும். நான் வேறு மாதிரி யோசித்தேன். சீக்கிரம் வருகிறார், கிலோமீட்டரும் குறைகிறது. அப்படியானால் தபால் பையை பஸ்காரர் யாரிடமோ கொடுத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிடுகிறார், மிச்சப் பெட்ரோலை யாருக்கோ ஊற்றிக் கொடுக்கிறார். என் மூளை அன்றைக்கு நன்றாக வேலை செய்தது. இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

துரையின் அறையில் விசாரணை நடந்தது. விசாரணை என்ன, கால் மணி நேரம். டிரைவர் மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். நான் லாக் புத்தகத்தைப் பிரித்து மாதம் மாதமாகப் படித்தேன். துரை அவரைப் பார்த்து, சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் துரைக்குச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டயரு பெருசு ஐயா. ஓடுன தூரம் ஓடத்தான் செஞ்சிருக்கு. மீட்டருதான் குறைச்சுச் சொல்லுது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருஷமும் சுமக்கிறேன். "சக்கரம் பெரிசானா ஒரு சுத்துக்கு அதிக தூரமாக்கும் போகும். அப்போ கிலோமீட்டர் கூடணும். குறையறது எப்படி?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த மப்ளரை இன்னொரு சுற்று சுருட்டினார். அவருக்கு விஷயம் தெரியும். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கும் பெடலை மிதித்த காலுக்கும் தெரியும். நூறு மார்க் வாங்கினவன் மடக்கிக் கேட்ட கேள்விக்கு அதை வார்த்தையாக்கத் தெரியவில்லை. துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அது அன்றைக்கு இனித்தது.

நான் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் டைப் செய்தேன். அறுபது லிட்டர் என்பதன் அடியில் கோடு போட்டேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததால், கார்பன் பிரதியை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவரை ஜீப்பிலிருந்து எடுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் விறகு சுமக்கும் வேலைக்குப் போட்டார்கள். டிரைவருக்கான வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் விறகு சுமக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பெட்ரோல் திருடியவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே மலையெல்லாம் போய்ச் சேர்ந்திருந்ததால், யாரும் அவருக்கு வண்டிச் சாவி கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். புது டிரைவர் ஒருவர் வந்தார். அவர் வந்த இரண்டாம் வாரம் ஆயுத பூஜை. வழக்கம்போல வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மழை டயரைக் கழற்றிச் சின்ன டயரைப் போட்டார்கள். நவம்பர் கணக்கில் எண் ஜம்மென்று எட்டுக்கு ஏறிவிட்டது. பார்த்தாயா, அவன் போனதும் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று ஆபீசில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். துரை என் தோளில் தட்டினார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் அன்றோடு போயிற்று.

அடுத்த ஜூனில் மறுபடி மழை டயர் ஏறியது. ஜூலையில் எண் மறுபடி இறங்கியது. இவனும் கை வைக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ரிப்போர்ட் எழுதப் புதுக் கார்பன் தாள்கூட எடுத்து வைத்தேன். அந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்திருக்காவிட்டால் இரண்டாவது மனிதரையும் ஜீப்பிலிருந்து இறக்கியிருப்பேன்.

பல் பிடுங்க ஜீப்பில் மூணாறுக்குப் போனேன். கன்னத்தைச் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்ததால் பேச முடியாது. முன் சீட்டில் உட்கார்ந்து, வலியை மறக்க ஏதாவது எண்ணலாம் என்று ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை எண்ண ஆரம்பித்தேன். பெரிய ரோட்டில் ஏறியதும் வந்த முதல் கல்லில் மீட்டரைப் பார்த்துவைத்துக்கொண்டேன். ஐந்தாறு கல் தாண்டியதும் மீட்டர் பின்தங்குவது தெரிந்தது. கல் பழசு, தப்பாக நட்டிருப்பார்கள் என்று முதலில் கல்லின் மேல் பழி போட்டேன். வளைவு குறைந்த ஓரிடத்தில் முள் முப்பதில் அசையாமல் நின்றது. அந்த வேகத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி முன்னாலேயே அடுத்த கல் வந்துவிட்டது. கல் தப்பு என்றால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தப்பாக இருக்குமா? இருபத்திரண்டு கல் தாண்டியபோது மீட்டரில் இருபதுதான் கூடியிருந்தது.

பல்லைப் பிடுங்கினார்கள். வலித்ததா என்று ஞாபகம் இல்லை. திரும்பி வந்ததும் நிலம் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூலையில் கிடந்த சின்ன டயரைச் சுற்றி அளந்தேன், எண்பத்தெட்டு அங்குலம். ஜீப்பில் மாட்டியிருந்த டயரை அளந்தேன், தொண்ணூற்றாறு. அங்கேயே எண்ணெய்க் கறை படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு கேபிள் சுழல்கிறது, அந்தச் சுழற்சியை மட்டும் அது எண்ணுகிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்பத்தெட்டு அங்குலம் என்று எந்தக் காலத்திலோ ஜீப் செய்த தொழிற்சாலையில் அதற்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சக்கரம் தொண்ணூற்றாறு அங்குலம் உருண்டாலும் அது எண்பத்தெட்டு என்றே எழுதும். பெரிய டயர் குறைவாகச் சுற்றி அதிக தூரம் போகும். நான் பாதியைச் சரியாகச் சொல்லி மீதியில் கவிழ்ந்தேன். வண்டி அதிக தூரம் போனது, மீட்டர் குறைவாக எண்ணியது. வேக முள்ளும் அதே கேபிளில்தான் ஆடுகிறது, அதனால் அதுவும் குறைத்தே காட்டியது. சுற்றுக்கு எட்டு அங்குலமாக நாலு மாதம் ஒளிந்த தூரத்தைத்தான் நான் அறுபது லிட்டர் என்று டைப் செய்திருந்தேன். இது தெரிய நூறு மார்க் வேண்டாம். ஸ்டோர் புத்தகமும் லாக் புத்தகமும் என் அலமாரியில் ஒரே தட்டில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

மறுநாள் துரையிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இனிமேல் லாக் புத்தகத்தின் தலைப்பில் டயர் அளவையும் எழுதும், கணக்கைத் திருத்திப் போடும் என்றார். பழைய டிரைவரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். இருக்கிறவர் நன்றாக ஓட்டுகிறாரே, முடிந்த ஃபைலை எதற்குத் திறக்கிறீர், எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு தாளை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் வந்தது நிம்மதி. என் தப்பு அந்த அறையைத் தாண்டாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடு மூன்று வாரம் இருந்தேன். லாக் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர் கையில் சுருட்டிய மப்ளர்தான் ஞாபகம் வந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு சாந்தன்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

ஏலக்காய் காய வைக்கிற கட்டிடத்தின் பின்னால் அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எந்த விறகைச் சுமக்க மாட்டேன் என்று எங்கள் எஸ்டேட்டை விட்டுப் போனாரோ அதே விறகு. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. துண்டை எடுத்து ஒரு கட்டையைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல் எண்ணியது, டேப், எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, துரை சொன்னது எல்லாம். கொடுக்க என்னிடம் ஜீப்பும் இல்லை, வீடும் இல்லை என்பதையும் சொன்னேன். 

"எனக்குத் தெரிஞ்சதுதான ஐயா. சொல்லத்தான் தெரியல," என்றார். பிறகு விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலை போனது போகட்டும். வீட்டுல பேச்சு நின்னு பத்து மாசமாகுது. சோத்த வெளிய கொண்டாந்து வச்சிட்டுப் போயிருவா. உள்ள கூப்பிட மாட்டா. அறுவது லிட்டரு எங்க போச்சு, யாருக்குக் குடுத்தேன்னு அது மட்டும் கேப்பா. அவகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

வேலை போனது, வீடு போனது எல்லாம் என் கணக்கில் இருந்தது. இது இல்லை. இருபது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு நடுவில் நான் டைப் செய்த ஒரு தாள் போய் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குப் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் சேறு.

வீடு ஒற்றை அறை. அவர் வாசலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய இடம் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள், முகம் இறுகியது. நான் டேப்பை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். சக்கரம், கேபிள், சுற்று என்று தடுமாறினேன். துரைக்குச் சொன்னதைவிட அவளுக்குச் சொல்வது கஷ்டமாக இருந்தது. பாதியிலேயே அவள் நிறுத்தினாள்.

"பெரிய படியில அளந்தா எண்ணிக்கை குறையும். அரிசியா குறையும்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.  விசாரணை அறையில் இவள் இருந்திருந்தால் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் வாசலுக்கு வெளியே, கல்லில் உட்கார்ந்திருந்தவரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். என் கார்பன் பிரதி. நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. அறுபது லிட்டரின் அடியில் நான் போட்ட கோடு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பிடித்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"இவரு வாயால சொன்னாரு, நான் நம்பல. நீங்க எழுதிக் குடுத்தீங்க, நம்பினேன். இப்ப நீங்களும் வாயால சொல்லிட்டுப் போனா எப்படி? இதுக்குக் கீழயே எழுதித் தாங்க. தமிழ்ல எழுதுங்க, நான் படிக்கணும். ஒப்பும் போட்டுத் தாங்க."

எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்று துரை சொன்னது காதில் கேட்டது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு டிரைவர் எந்த எஸ்டேட்டிலும் போய் வண்டி வேலை கேட்கலாம். அது சுற்றி எங்கள் துரையின் மேஜைக்கும் வரலாம். வந்தால் அடுத்து மலையிறங்குவது நான்தான். பாலக்காட்டுத் தெருவும், என் சம்பளத்தை எதிர்பார்த்து இருந்த இரண்டு தங்கைகளும் கண் முன்னால் வந்தார்கள். பேனா மூடியைத் திறந்து மூடினேன். அவள் தாளை நீட்டியபடியே நின்றாள்.

நிலைப்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். மேலே உள்ள கணக்கு தப்பு. டயர் மாறியதால் மீட்டர் குறைவாகக் காட்டியது. பெட்ரோல் எதுவும் குறையவில்லை. டிரைவர் திருடவில்லை. தப்புச் செய்தது கணக்குப் போட்ட நான். தேதி போட்டு, ஒப்புப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் எழுத்துக் கூட்டி மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள். திருடவில்லை என்ற இடத்தில் நின்று மறுபடி ஒரு தடவை படித்தாள். முடித்துவிட்டுத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.  உள்ளே போய்த் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. வழக்கம்போல வெளியே கொண்டுவந்து வைக்கப்போகிறாள் என்று நினைத்து, கல்லில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து தட்டு வைக்க இடம் விட்டார். தட்டு வரவில்லை.

"உள்ள வாங்க. சோறு ஆறுது," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

அவர் அசையாமல் இருந்தார். தன்னைத்தான் கூப்பிட்டாளா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுந்து, வாசல் தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, குனிந்து உள்ளே போனார்.